கொத்துச்சாவி மனம் திருந்திய கதை

அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது யாராவது, "இப்ப என்ன சீரிஸ் பாத்துட்டு இருக்க?" என்று கேட்டால் பெயரை மட்டும் சொல்லிவிட்டு ஒரு கவளம் சோற்றை வாயில் போட்டுக்கொள்வேன். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், "பரவால்ல". அதற்குமேல் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. உடன் வேலை பார்ப்பவர்கள் என்னை ரசனை கெட்டவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும். தொடர்களைப் பற்றிக் கருத்துச் சொல்வது எவ்வளவு பெரிய வம்பு என்பதைப் பத்து வயதிலேயே கண்ணால் பார்த்தவள் நான். ஒரே ஒரு கருத்து. அதனால் ஒரு குழந்தையின் காதுகுத்தே நின்றுபோகப் பார்த்தது.

எங்கள் வீடு உழவர்கரையில். அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் அரியாங்குப்பத்தில் இருந்தாள். இரண்டு வீட்டிலும் இரவு எட்டு மணிக்கு ஒரே தொடர்தான் ஓடும். முடிந்த கையோடு போன் அடிக்கும். அம்மா ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மறுநாளைக்குக் கீரை ஆய்ந்தபடியே பேசுவாள். கீரை முடிந்தாலும் பேச்சு முடியாது.

கதை ஒன்றும் புதிதல்ல. ஒரு பெரிய வீடு. அந்த வீட்டுக்கு வாழ வந்து, வந்த நாளிலிருந்து அழுதுகொண்டிருக்கும் ஒரு மருமகள். அவளுக்கு ஒரு நாத்தனார். கட்டிக்கொடுத்த இடத்தில் இல்லாமல் பிறந்த வீட்டிலேயே வந்து உட்கார்ந்துகொண்டு, பீரோ சாவி, சாமான் அறைச் சாவி எல்லாவற்றையும் கொத்தாக இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பாள். அவளுக்கு எங்கள் இரண்டு குடும்பத்திலும் கொத்துச்சாவி என்றே பெயர். அம்மா எப்போதும் மருமகள் கட்சி. "பாவம் அந்தப் பொண்ணு" என்று ஆரம்பிப்பாள். அத்தைக்கு அந்த மருமகளைக் கண்டாலே ஆகாது. "அழுமூஞ்சி, வாயத் தொறந்து பேசினா இன்னாவாம்?" என்பாள். இருவரும் விட்டுக்கொடுக்காமல் வாதாடுவார்கள். சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புச் சத்தத்தில் நான் வீட்டுப்பாடம் எழுதி முடிப்பேன்.

அம்மாவுக்கு எங்கள் டிவியின்மேல் அப்படி ஒரு பக்தி. ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, அதன் வாயை மடக்கி, ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றி வைத்திருப்பாள். ரிமோட் மட்டும் என்றில்லை. டார்ச் லைட், பெருங்காய டப்பா, அப்பாவின் பழைய மூக்குக்கண்ணாடி, எல்லாவற்றுக்கும் அதே உறை, அதே இரண்டு சுற்று. வீட்டில் உறை இல்லாமல் திரிந்தது நானும் அப்பாவும்தான். படத்தில் லேசாகப் புள்ளி விழுந்தால் போதும், மொட்டை மாடிக்கு ஏறி, கேபிள்காரர் எந்தத் தெருவில் இருந்தாலும் காதில் விழுகிற மாதிரி கூப்பிடுவாள்.

அந்த வருடம் மார்கழியில்தான் வம்பு வந்தது. அத்தைக்கு என் வயதில் ஒரு மகள். என் பள்ளிக்கூடம்தான், என் வகுப்புத்தான், என் பெஞ்சுதான். அவளுக்குப் பிறகு வெகுகாலம் கழித்து அத்தைக்கு ஒரு பையன் பிறந்திருந்தான். தை பிறந்ததும் அவனுக்குக் காது குத்துவது என்று நாள் பார்த்திருந்தார்கள். அப்பாவும் அத்தையும் குழந்தைகளாக இருந்தபோது போட்டுக்கொண்ட வெள்ளித் தண்டை ஒரு ஜோடி எங்கள் வீட்டு பீரோவில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தவள், உரிமையோடு பீரோவைத் திறந்து, அந்தத் தண்டையை எடுத்துப் பையனின் காலில் போட்டுப் பார்த்து, "இருக்கட்டும் அண்ணி, காதுகுத்துக்குப் போடறேன்" என்று கொண்டுபோனாள். அம்மா சிரித்துக்கொண்டேதான் இருந்தாள்.

அந்த வாரமே தொடரில் கொத்துச்சாவி மருமகளின் நகையை பீரோவிலிருந்து எடுத்துத் தொலைத்தாள். வழக்கம்போல போன் அடித்தது. வழக்கம்போல அம்மா கீரை ஆய்ந்தாள். கொத்துச்சாவியின்மேல் இருந்த கோபத்தில், "கட்டிக்குடுத்து அனுப்பிச்சாச்சு. இன்னும் பொறந்த வூட்டு பீரோவுல இவளுக்கு இன்னா வேல?" என்றாள்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அம்மா, "அலோ, அலோ" என்றாள். கடைசியில் அத்தையின் குரல் வந்தது. "அடுப்புல பால் பொங்குது அண்ணி, வச்சிடறேன்."

அத்தை வீட்டில் அந்த நேரத்தில் பால் காய்ச்சுகிற வழக்கமே இல்லை. அம்மா ரிசீவரைப் பார்த்தபடி நின்றாள். தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். திருப்பிப் போன் செய்தாள். யாரும் எடுக்கவில்லை. மறுநாள் மாலை, அத்தையின் கணவர், என் மாமா, ஒரு பழைய செய்தித்தாள் பொட்டலத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே தண்டை ஜோடி இருந்தது.

அம்மா அழுதாள். நான் கதையைத்தானே சொன்னேன், இவளையா சொன்னேன், என் மனசு இவளுக்குத் தெரியாதா என்று அடுப்படியில் நின்று அழுதாள். கொஞ்ச நேரத்தில் அழுகை கோபமாக மாறியது. ஒரு வார்த்தை கேட்காமல் பொட்டலம் கட்டி அனுப்புகிறாள் என்றால் என்னை என்னவென்று நினைத்தாள்? அப்பா சமாதானம் செய்கிறேன் பேர்வழி என்று, "ஒரு சீரியலுக்குப் போயி..." என்று ஆரம்பித்தார். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க" என்று அம்மா அடக்கினாள். அப்பா தங்கைக்குப் போன் போட்டு அதையே சொன்னார். தங்கையும் அம்மா சொன்னதையே சொல்லி அடக்கினாள். அதோடு அப்பா செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

சிக்கல் என்னவென்றால், காதுகுத்தில் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தாய்மாமன் என்றால் என் அப்பா. மற்ற விசேஷமாக இருந்தால் உடம்பு சரியில்லை, லீவு கிடைக்கவில்லை என்று எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். மாமன் மடி இல்லாமல் காது குத்தினால் ஊர் கேட்கும், உறவு கேட்கும், அதன்பிறகு இரண்டு வீடும் ஒட்டவே ஒட்டாது. அந்த மாமனையும் சும்மா போனில் கூப்பிட முடியாது. அத்தையே தட்டோடு வந்து, வெற்றிலை பாக்கு வைத்து, அண்ணனையும் அண்ணியையும் அழைக்க வேண்டும். "அவ வந்து தட்டு வெக்கட்டும், நான் வரிசையோட போறேன்" என்றாள் அம்மா. "அண்ணி மொதல்ல ஒரு வார்த்த சொல்லட்டும், நான் தட்டோட போறேன்" என்றாளாம் அத்தை. இன்னும் ஒருபடி மேலே போய், "மாமன் மடி இல்லன்னா மணை இருக்குது, அதுல உக்கார வெச்சிக் குத்திக்கறேன்" என்றும் சொன்னாளாம். இது அத்தை மகள் எனக்கு வகுப்பில் கிசுகிசுத்தது.

நாங்கள் இருவரும் மதியம் புளிச்சோற்றை வைத்துக்கொண்டு அழுதோம். எனக்காக எடுத்த பச்சைப் பட்டுப்பாவாடை பீரோவில் இருந்தது என்பதும் உண்மைதான். ஆனால் நான் அழுதது பாவாடைக்காக மட்டும் அல்ல. இனி ஆற்றுப் பாலம் தாண்டி அத்தை வீட்டுக்குப் போகவே மாட்டோமோ என்ற பயம்தான் பெரிது. இதை யாரிடம் சொல்வது?

இந்த லட்சணத்தில் எங்கள் வீட்டில் கேபிளும் போய்விட்டது. ஒருநாள் பள்ளிவிட்டு வந்து டிவியைப் போட்டால் வெறும் இரைச்சல். அம்மா மாடிக்கு ஓடுவாள் என்று பார்த்தேன். ஓடவில்லை. அப்பா, "கேபிள்காரர வரச்சொல்லவா?" என்று கேட்டதற்கு, "ஒண்ணும் வேணாம், அதைப் பாத்து வந்த வெனைதான இவ்ளோவும்" என்று சொல்லிவிட்டாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எட்டு மணிக்கு வெறும் டிவியின் முன்னால் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

இனி மாமாவுக்கு வருகிறேன். மாமா எங்கள் ஊரிலேயே இருக்கும் மேட்டுப்பாளையத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வேலை முடிந்து ஸ்கூட்டரில் அரியாங்குப்பம் திரும்பும்போது எங்கள் வீட்டில் நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டுப் போவது அவர் வழக்கம். சண்டை வந்தும் அந்த வழக்கம் மாறவில்லை. "சண்ட அவங்க ரெண்டு பேருக்கு, டீ எனக்கு" என்பார். வீட்டுக்குப் போய்க் குளித்ததும் பெத்தாங்க் மைதானத்துக்குக் கிளம்பிவிடுவார். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுவிட்டுப் போன ஆட்டம், இரும்புக் குண்டை வீசி ஒரு சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் விழச்செய்வது. விளக்கைப் போட்டுக்கொண்டு ஒன்பது மணிவரை வீசுவார்கள். எட்டு மணிக்கு மாமா வீட்டில் இருக்கமாட்டார் என்பது எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் நன்றாகத் தெரிந்த விஷயம். அம்மாவுக்கு மட்டும் அது எப்படியோ மறந்துபோயிற்று. டீயைக் கொடுத்துவிட்டு, "நேத்து கதையில இன்னாண்ணே ஆச்சு? எங்க வூட்ல கேபிள் இல்ல" என்று அவரிடம் போய்க் கேட்டாள்.

மாமா விழித்தார். "அந்த... அழுவற பொண்ணு இருக்குதுல்ல... அது அழுதுச்சு" என்றார். மறுநாளும் அம்மா கேட்டாள். அன்றும் அது அழுதது. மூன்றாம் முறை கேட்டபோது மாமா டம்ளரைக் கீழே வைத்தார். அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அத ஏன் கேக்கற தங்கச்சி, கொத்துச்சாவி திருந்திட்டா" என்றார்.

"நெசமாவா?"

"சாவியெல்லாத்தையும் எடுத்து மேசை மேல வெச்சிட்டா. எனக்கு சாவியும் வேணாம், ஒண்ணும் வேணாம், அண்ணி எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசினா போதும்னு ஒரே அழுவ. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சி."

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அதுக்கு அந்தப் பொண்ணு இன்னா சொன்னா?"

மாமா லேசுப்பட்ட ஆளா? "அங்கதான் தொடரும்னு போட்டுட்டான் படுபாவி! நீயா இருந்தா இன்னா சொல்லியிருப்ப தங்கச்சி?"

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நானா இருந்தா... உன்ன நெனச்சி சொல்லலம்மா, வாய் தவறி வந்துடுச்சி, அந்த பீரோ ஒனக்கும் சொந்தந்தான்னு சொல்லியிருப்பேன்."

மாமா டீயைப் பாதியிலேயே விட்டுவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார். அன்று அவர் பெத்தாங்க் ஆடப் போகவே இல்லை என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் நான் அத்தை மகளிடம் சந்தோஷமாக, கொத்துச்சாவி திருந்திவிட்டாளாமே என்றேன். அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "யார் சொன்னா? அந்தப் பொண்ண சாமான் ரூம்ல தள்ளிப் பூட்டிட்டா. சாவி இடுப்புலதான் இருக்கு. நானும் அம்மாவும் பாத்தோமே!" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமா அவ்வளவும் பொய் சொல்லியிருக்கிறார்! அதைவிட விசித்திரம் அவள் அடுத்துச் சொன்னது. மாமா வீட்டுக்குப் போய், கதையைப் பற்றி அண்ணி இப்படிச் சொன்னாங்க என்று அத்தையிடம் ஒப்பித்தாராம். அத்தை அடுப்பை அணைத்துவிட்டு, "இன்னா சொன்னாங்க, திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்டாளாம். திரும்பச் சொன்னாராம். அத்தை, "ஆமா, கொத்துச்சாவிக்கும் பொட்டலங் கட்டி அனுப்பற அளவுக்குக் கோவம் ஆவாதுதான்" என்றாளாம். கொத்துச்சாவி எங்கே பொட்டலம் கட்டினாள்? தொடரை விடாமல் பார்க்கும் அத்தைக்கே கதை குழம்பிவிட்டது. அத்தைக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம்.

மாமா தினமும் வந்தார். கதை தினமும் வளர்ந்தது. மருமகள் மன்னித்தாள். கொத்துச்சாவி பாயசம் வைத்தாள். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். அம்மாவின் முகத்தில் மெல்ல மெல்லப் பழைய களை வந்தது. ஒருநாள் பீரோவைத் திறந்து தண்டையை எடுத்துப் புளி போட்டு விளக்கினாள். நானோ முள்மேல் நடந்துகொண்டிருந்தேன். ஏமாந்துகொண்டிருப்பது அம்மா ஒருத்திதான். அவளுக்கு மட்டும் உண்மை தெரிந்தால் எல்லாம் பாழ். என்னையே ஏமாற்றினார்களா என்று மறுபடியும் ஆரம்பித்துவிடுவாள்.

பெரிய ஆபத்து பக்கத்து வீட்டிலிருந்து வரக்கூடியது. அங்கே சொல்தாம்மா இருந்தாள். அவள் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள், வீட்டம்மாவை சொல்தாம்மா என்பார்கள். தெருவிலேயே பெரிய டிவி அவள் வீட்டில்தான். ஒரு தொடர் விடமாட்டாள், பார்த்ததை நாலு பேரிடம் சொல்லாமலும் விடமாட்டாள். அவள் எங்கள் கேட்டைத் தொட்டால் போதும், நான் ஓடிப்போய் அம்மா குளிக்கிறாள் என்பேன், தூங்குகிறாள் என்பேன், கடைக்குப் போயிருக்கிறாள் என்பேன். "ஒங்கம்மா ஒரு நாளைக்கு எத்தினி தடவடி குளிக்கறா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை மாமாவின் ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்னால் அத்தை, மடியில் பையன், கையில் துணி மூடிய தட்டு. முன்னால் நின்றுகொண்டு என் அத்தை மகள். எனக்குக் கத்தவேண்டும்போல இருந்தது. அப்பா செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "வா" என்றாள். அத்தை, "வந்துட்டேன் அண்ணி" என்றாள். அவ்வளவுதான். அம்மா பையனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அத்தை தட்டை வைத்து வெற்றிலை பாக்கைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். இன்னும் ஒரு நிமிடம் போனால் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும் என்று நான் எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது கேட் திறந்தது. வேடிக்கையில் நான் காவலை மறந்துவிட்டேன். சொல்தாம்மா நேரே உள்ளே வந்து, "அடேங்கப்பா, இன்னிக்காவது ஒங்கம்மா குளிக்காம இருக்காளே!" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். அத்தையைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் உற்சாகம். "நல்லவேள, நீயும் இருக்க. அந்தக் கொத்துச்சாவி பண்ற அக்கிரமத்தப் பாத்தீங்களா? சாமான் ரூம்ல பூட்டினவ இன்னும் தொறந்தே விடல. பட்டினி போட்டே சாவடிக்கப் பாக்கறா பாவி!"

வீடு அப்படியே நின்றுவிட்டது. மாமாவின் டம்ளர் வாய்க்குப் போகும் வழியில் நின்றது. அத்தை மகள் என் கையைக் கிள்ளினாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

அம்மாவின் குரல்தான் முதலில் கேட்டது. "அப்பிடியாக்கா? எங்க வூட்ல கேபிள் இல்லியே."

நான் கண்ணைத் திறந்தேன். அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை அம்மாவைப் பார்த்தாள். அத்தையின் உதடு துடித்தது, அழப்போகிறாள் என்று நினைத்தேன். "எங்க வூட்ல வேற கதை ஓடுது சொல்தாம்மா" என்று சொல்லிவிட்டு அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். அம்மாவுக்கும் அடக்க முடியவில்லை. தட்டுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு இருவரும் சிரித்த சிரிப்பில் பையன் மிரண்டுபோய் அழுதான். சிரித்துக்கொண்டே இருந்தவர்கள் எப்போது கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. சொல்தாம்மா, "இதுல சிரிக்க இன்னாடி இருக்குது? அந்தப் பொண்ணு அங்க பட்டினி கெடக்கறா" என்று கோபித்துக்கொண்டாள். மாமா ஒரே மடக்கில் டீயைக் குடித்து முடித்தார். எனக்கு உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினாற்போல இருந்தது. அம்மா ஏமாந்தது அவளுக்கே கடைசிவரை தெரியாமல் போயிற்றே, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

காதுகுத்து நல்லபடியாக நடந்தது. நான் பச்சைப் பாவாடையில் வரிசைத் தட்டைச் சுமந்தேன். பையன் அப்பாவின் மடியில் உட்கார்ந்து, காலில் தண்டை குலுங்க உதைத்து, ஊசி போகும்போது அப்பாவின் புதுச்சட்டையை நனைத்தான். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அம்மாவும் அத்தையும் பந்தி விசாரித்தபடியே யாருடைய மருமகள் எப்படி என்று கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா செருப்பைக் கழற்றியபடியே, "இனிமேலாவது கேபிள்காரர வரச்சொல்லலாமா?" என்றார்.

"அவரு எதுக்கு?" என்றாள் அம்மா, தலையிலிருந்த பூவை எடுத்துக்கொண்டே. "பின்னால போயிப் பாருடி. வயரு கியரு கழண்டிருக்கப் போவுது."

நான் டிவிக்குப் பின்னால் ஊர்ந்து போனேன். நிஜமாகவே வயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. கழன்றது தானாக இல்லை. அதன் முனையில் தூசு படாமல் ஒரு சின்ன பிளாஸ்டிக் உறை போட்டு, வாயை மடக்கி, ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றி வைத்திருந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இதுவும் மாமாவின் வேலை! அம்மா உண்மைக் கதையைப் பார்த்துவிடக்கூடாதென்று, டீ குடிக்க வந்த இடத்தில் யாருக்கும் தெரியாமல் பிடுங்கிவிட்டிருக்கிறார். உறையைக் கழற்றி வயரைச் செருகினேன். படம் பளிச்சென்று வந்தது.

அம்மாவிடம் நான் மூச்சுவிடவில்லை. உறையை மட்டும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மாமா எவ்வளவு பொறுப்பான மனிதர் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.